இரண்டாம் ஆண்டில் நின்ற படிப்பு

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் சுமார் 15 கிலோமீட்டர், தஞ்சாவூர் சுமார் 25 கிலோமீட்டர். கிழக்கே போனால் 1854இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி. மேற்கே போனால் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம். ரயிலும் டவுன் பஸ்ஸும் உண்டு. வைத்தியத்துக்கும் இந்தப் பக்கம் வழியில்லாமல் இல்லை. தஞ்சை மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், மனச்சிதைவோ பைபோலார் நோயோ வந்து பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டில் நின்றுபோன ஒருவர், மருந்து சாப்பிட்டு நன்றாகத் தேறிய பிறகும், வகுப்பறைக்குத் திரும்பிப் போவது அபூர்வம். மருத்துவமனையில் அவரை நோயாளியாகத் தெரியும். கல்லூரியில் அவர் பெயர் அடிக்கப்பட்ட ஒரு வருகைப்பதிவேட்டு வரி. இரண்டு இடத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் யாரும் இல்லை.

அந்த ஆள் ஏன் இல்லை, வேறு ஊர்களில் அவரை எப்படி உண்டாக்கினார்கள், காவிரி டெல்டாவில் உண்டாக்க என்ன வேண்டும் என்பதே இங்கே பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் வீட்டிலிருந்து தொடங்குவோம். ஐப்பசி மழையில் செமஸ்டர் தேர்வு நெருங்குகிறது. பையன் விடிய விடிய விளக்கை அணைப்பதில்லை. எதிரே புத்தகம் விரிந்திருக்கிறது. அம்மா பாலை ஆற்றிக் கொண்டுவந்து வைத்து, “போதும்பா, படு” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஒரு வாரமாக அவன் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. எழுத்து கண்ணில் விழுகிறது, மனதில் ஏறவில்லை. வகுப்பில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாக ஒரு சந்தேகம், பின்பு அது சந்தேகமாக இல்லாமல் நிச்சயமாகிறது. பொங்கலுக்குள் நோய் தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. தெருவும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது: “படிச்சுப் படிச்சு மூளை குழம்பிடுச்சு.”

இந்த ஒரு வாக்கியம் தமிழ்நாட்டில் எத்தனை பேரின் படிப்பை நிறுத்தியிருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. காரணமும் காரியமும் இதில் இடம் மாறி நிற்கின்றன. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வரும். கல்லூரியில் இருக்கிற வயதும் அதுதான். வெளிப்படையான அறிகுறிகள் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே தூக்கம் கெடும், கவனம் சிதறும், மதிப்பெண் இறங்கும், சிநேகிதர்கள் விலகுவார்கள். மதிப்பெண் இறங்க இறங்கப் பையன் இன்னும் அதிக நேரம் புத்தகத்தோடு உட்காருவான். வீட்டார் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் காட்சிதான். ஆகவே அவர்கள் அறிந்தவரை, படிப்பு முன்னால் வந்தது, நோய் பின்னால் வந்தது.

இதன் விளைவு நோய் அடங்கிய பிறகுதான் தெரியும். ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அவன் “மறுபடி காலேஜுக்குப் போறேம்மா” என்கிறான். வீடு பதறுகிறது. “படிச்சது போதும் சாமி, நீ நல்லா இருந்தாலே போதும்.” இது அன்பில்தான் சொல்லப்படுகிறது, அதனாலேயே எதிர்த்துப் பேச முடியாது. மருத்துவரிடம் கேட்டால், கூட்டத்துக்கு நடுவே ஐந்து நிமிடத்தில், “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், முழுசா குணமான பிறகு பார்த்துக்கலாம்” என்கிறார். முழுசாகக் குணமாகும் நாள் என்று ஒன்று இந்த நோய்களில் தேதி குறித்து வருவதில்லை. சர்க்கரை நோயாளியிடம் யாரும் சர்க்கரை முழுதாக இறங்கிய பிறகு வேலைக்குப் போ என்று சொல்வதில்லை. குணமாகிப் படிப்பது என்ற வரிசையே தவறு என்பதுதான் கடந்த 40 ஆண்டுகளில் உலகம் கற்றுக்கொண்ட பாடம். படிப்பதும் தேறுவதற்கான வழிகளில் ஒன்று.

அமெரிக்காவில் இந்தப் பாடம் 1980களில் தெளிவானது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மனநல மறுவாழ்வு மையத்தில் வில்லியம் ஆன்டனி, கேரன் அங்கர் முதலானவர்கள் ஒரு சாதாரணக் கேள்வியிலிருந்து தொடங்கினார்கள்: இந்த இளைஞர்கள் மருத்துவமனை மண்டபத்தில் உட்கார்ந்து ஏன் பயிற்சி பெற வேண்டும், பல்கலைக்கழக வளாகத்தில் மாணவராகவே உட்கார்ந்தால் என்ன? அதிலிருந்து மூன்று வகை ஏற்பாடுகள் வளர்ந்தன. நோய் கண்டவர்களுக்கென்றே தனி வகுப்பு நடத்துவது ஒன்று. கல்லூரிக்குள்ளேயே இதற்கென ஓர் அலுவலரை வைப்பது இன்னொன்று. மூன்றாவது, மனநல சேவையிலிருந்து ஒருவர் மாணவரோடு எந்தக் கல்லூரிக்கும் போய்வருவது: விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் நிற்பார், முதல் நாள் வகுப்பறையைக் காட்டிக்கொடுப்பார், தேர்வு வாரத்தில் தொலைபேசியில் கூப்பிடுவார். மூன்றிலும் மாணவர் தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்தெடுப்பது, இடம் பிடிப்பது, அதில் நிலைத்து நிற்பது என்ற வரிசை உண்டு. கடைசியில் சொன்னதுதான் கடினம். இடம் பிடித்துக் கொடுக்க எல்லா ஊரிலும் ஆள் உண்டு, நிலைத்து நிற்க வைக்கத்தான் ஆள் வேண்டும்.

இதற்கு முன்னோடி 1948இல் நியூயார்க்கில் நோயாளிகளே சேர்ந்து நடத்தத் தொடங்கிய ஃபவுன்டன் ஹவுஸ். இங்கிலாந்து வேறு வழியில் போயிற்று. அங்கே 2009இல் தென்மேற்கு லண்டனில் முதல் ‘மீட்சிக் கல்லூரி’ தொடங்கியது. ஒரு மனநலப் பணியாளரும் நோயைத் தாங்கி வந்த ஒருவரும் சேர்ந்து பாடம் நடத்துவார்கள். பட்டம் கிடையாது. வருகிறவர் நோயாளி அல்லர், மாணவர். எனக்கு இதில் பாதி சம்மதம்தான். பட்டமே இல்லாத கல்லூரியை டெல்டாவில் ஒரு தகப்பனார் எவ்வளவு மதிப்பார் என்பது தெரிந்ததுதானே.

பலன் என்ன என்றால், உள்ளதைச் சொல்ல வேண்டும். இப்படித் துணை நின்றால் படிப்பில் சேர்வதும் ஈடுபடுவதும் கூடுகிறது. பட்டம் முடிப்பது எவ்வளவு கூடுகிறது என்பதற்கான சான்று இன்னும் மெலிவாகவே இருக்கிறது. இருப்பதில் முக்கியமானது அமெரிக்காவின் 21 மாநிலங்களில் 34 மருத்துவ மையங்களில் 404 பேரை வைத்து நடந்த நேவிகேட் ஆய்வு; 2015இல் முடிவு வெளியானது. முதன்முறை மனநோய் கண்டவர்களுக்கு மருந்தோடு குடும்பத்துக்கான வழிகாட்டல், படிப்பு அல்லது வேலைக்கான துணை எல்லாவற்றையும் ஒரே குழு கொடுத்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் வேலையிலும் படிப்பிலும் கூடுதலாக ஈடுபட்டார்கள். அந்த ஆய்வுக்கு வந்தவர்களில் சரிபாதிப் பேர் சிகிச்சையில்லாமல் 74 வாரங்களுக்கு மேல் கழித்தவர்கள். அதற்கு முன்பே வந்துவிட்டவர்களுக்கே பலன் அதிகம்.

74 வாரம் என்பது அமெரிக்கக் கணக்கு. நம் பக்கத்தில் அந்தக் காலம் எங்கே கழிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். வரகுணபாண்டியனின் பிரம்மஹத்தி நீங்கியதாகச் சொல்லப்படும் திருவிடைமருதூருக்கு மனம் கலங்கியவர்களை அழைத்து வந்து பிராகாரம் சுற்றவைப்பது பழைய வழக்கம். காவிரிக்கரையிலேயே திருச்சிக்கு மேற்கே குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கவைப்பார்கள். இதைப் பழிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அடைக்கலம் தேடுகிற குடும்பத்துக்கு முதலில் கதவைத் திறந்துவைத்தவை கோயில்கள்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் வெந்து மாண்டது வேறு கதை. அதன் பிறகே இந்த இடங்கள் அரசின் கண்ணில் பட்டன. இங்கே நான் சொல்ல வருவது வேறு. அந்த 48 நாளில் கல்லூரியில் என்ன நடக்கிறது?

ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். அதாவது 22 நாளுக்கு மேல் போனால் சிக்கல். அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் மருத்துவச் சான்று கொடுத்து அபராதக் கட்டணமும் கட்டித் தப்பலாம். கண்டோனேஷன் என்று மாணவர்கள் சொல்வது அதைத்தான். பொதுவாக 65 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு கிடையாது; 50க்கும் கீழே என்றால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். ஒரு மண்டலம் கோயில், பிறகு மூன்று நான்கு வாரம் மருத்துவமனை, பிறகு வீட்டில் மாத்திரையின் அசதி. மனநோய் எவ்வளவு சீக்கிரம் கட்டுக்குள் வந்தாலும் வருகைப்பதிவேடு அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் சான்று தருகிறவர்கள் இதற்குத் தர மாட்டார்கள். தந்தாலும் குடும்பம் கல்லூரியில் கொடுக்காது. அந்தத் தாளில் மனநலத் துறையின் முத்திரை இருக்குமே. ஆகவே பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்லாமல், டிசி கூட வாங்காமல், படிப்பு அப்படியே நின்றுபோகிறது.

தமிழ்நாட்டின் மனநல வரலாற்றைப் புரட்டினால் மறுவாழ்வு பற்றிப் பேசியவர்களுக்குக் குறைவில்லை. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தெருவில் கிடந்த பெண்களுக்காக 1993இல் தி பானியன் வந்தது. 1981இல் சென்னையில் முதன்முறை நோய் கண்ட 90 பேரைத் தொடர்ந்து பல பத்தாண்டுகள் கவனித்த ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. அந்தக் காலத்தில் இந்திய நோயாளிகள் மேலைநாட்டவரைவிட நன்றாகத் தேறுவதாகச் சர்வதேச ஆய்வுகள் சொன்னதற்குக் குடும்பத்தையும் விவசாய வாழ்க்கையையும் பலர் காரணமாகக் காட்டினார்கள்.

அந்த விவசாய வாழ்க்கையை இன்று பாபநாசத்தில் தேடிப் பார்க்க வேண்டும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று ஆண்டு முழுக்க வேலை இருந்த வயல்களில், மெதுவாகப் பேசுகிற, மெதுவாக நடக்கிற ஒருவனுக்கும் ஏதாவது ஒரு வேலை இருந்தது. நாற்றுக்கட்டுத் தூக்கலாம், மாடு பார்க்கலாம், களத்துமேட்டில் காவல் இருக்கலாம். இன்று அறுவடை இயந்திரம் ஒரே பகலில் வயலைக் காலி செய்துவிட்டுப் போகிறது. களத்துமேடே பல ஊரில் இல்லை. அதோடு, இப்போது நோய் காண்பது முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு. அவனை வயலுக்குத் திருப்பி அனுப்ப அப்பாவுக்கே மனம் வராது. பழைய வாழ்க்கை தாங்கிக்கொண்ட இடத்தில் இன்று தாங்கக்கூடியது படிப்பும் அதைத் தொட்டு வரும் வேலையும்தான்.

ஆனால் நம் மறுவாழ்வு இல்லங்களில் இன்னமும் கவர் ஒட்டுவதும் மெழுகுவத்தி ஊற்றுவதும் பினாயில் கலக்குவதும்தான் தொழிற்பயிற்சி. அவை தேவைப்படுபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. இயற்பியல் இரண்டாம் ஆண்டு வரை வந்தவனைக் கவர் ஒட்ட உட்காரவைத்தால், உன் வாழ்க்கை இனி இவ்வளவுதான் என்று சொல்லாமல் சொன்னதாகிறது. அவன் ஆர்வமில்லாமல் உட்கார்ந்திருந்தால் அதையும் நோயின் அறிகுறியாகக் கோப்பில் எழுதுகிறார்கள்.

சிகிச்சையைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் வேலை ஓரளவு நடந்தேயிருக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதித்துப் பார்த்த பிறகு, மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் இந்தியாவின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றுள் ஒன்று நம் பக்கத்துத் திருச்சி. இன்று தமிழ்நாடு முழுக்க அது உண்டு. ஸ்கார்ஃப் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குத் தொலைமருத்துவ வசதி கொண்ட பேருந்தை அனுப்பியது. 14416 என்ற எண்ணுக்குப் பேசினால் ‘நட்புடன் உங்களோடு’ சேவை கிடைக்கும். அப்படியிருந்தும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தீவிர மனநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. உள்ளே இருக்கும் நான்கில் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவருக்கு மாத்திரை கிடைத்துவிட்டது. பதினைந்து நாளுக்கொரு முறை ஊசியும் கிடைக்கிறது. “தூக்கம் வருதா? சாப்பிடுறாரா? சண்டை போடுறாரா?” என்று கேட்கிறார்கள். “படிக்கிறாரா?” என்று கேட்பதில்லை.

கேட்டால் மருந்துச் சீட்டே மாறக்கூடும். கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை நினைவாற்றலை மந்தப்படுத்தும், வாயும் உலர்ந்துபோகும். மாணவர் என்று தெரிந்தால் அதைக் குறைக்க முடியுமா என்று மருத்துவர் யோசிப்பார். இரவு மாத்திரையை ஒன்பது மணிக்குப் போடுவதா பதினோரு மணிக்குப் போடுவதா என்பதைப் பொறுத்துத்தான் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பதா விடுவதா என்பது முடிவாகிறது. லித்தியத்திலும் கை நடுங்கலாம். மூன்று மணி நேரம் பேனா பிடித்து எழுதுகிற நம் தேர்வு முறையில் அது சின்ன விஷயமில்லை. நோயும் தன் பங்குக்குக் கவனத்தையும் வேகத்தையும் குறைத்திருக்கும். முன்பு ஒரு மூச்சில் படித்த பக்கத்துக்கு இப்போது மூன்று மூச்சு வேண்டும். பைபோலார் உள்ளவருக்குத் தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிப்பு ஒன்றே நோயைத் திரும்ப அழைத்துவிடப் போதும். இவை ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் மருந்தும் தேர்வு அட்டவணையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட வேண்டும்.

சட்டம் என்ன தருகிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு, தேர்வு முறையில் தேவையான மாற்றம் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. இட ஒதுக்கீட்டுக்கும் வயதுத் தளர்வுக்கும் 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். அதை அளக்க ஐடியாஸ் என்ற அளவுகோல்: தன்னைத் தானே பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்புகளில் மதிப்பெண் போட்டு, நோய் எத்தனை காலம் என்பதையும் கூட்டுவார்கள். இங்கேதான் ஒரு விசித்திரம். சீட்டு வாங்க வேண்டுமானால் தனக்குக் குளிக்க, பேச, வேலை செய்ய முடியவில்லை என்று மருத்துவக் குழுவின் முன் நிரூபிக்க வேண்டும். அதே மனிதர் கல்லூரி முதல்வரின் முன்னே தனக்கு எல்லாம் முடியும் என்று நிரூபிக்க வேண்டும்.

நல்ல வேளையாக, சட்டத்தின் எல்லா வாசலிலும் அந்த 40 சதவீதம் காவல் நிற்கவில்லை. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இதற்கு முக்கியம். கை இழுப்பால் எழுத முடியாத ஒரு யுபிஎஸ்சி தேர்வர் உதவி எழுத்தர் கேட்டார்; 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். ஒதுக்கீட்டுக்குத்தான் அந்த அளவு, நியாயமான வசதி செய்து தருவதற்கு அது நிபந்தனை ஆகாது என்றது நீதிமன்றம். அந்த வழக்கு மனநோய் பற்றியது அல்ல. இருந்தாலும், மாத்திரையால் கை நடுங்குகிறவரும், சேர்ந்தாற்போல ஒரு மாதம் வகுப்புக்கு வர முடியாமல் போனவரும் கேட்கத்தக்க வசதிக்கு அதுதான் பிடிமானம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்ற மத்திய அரசு வழிகாட்டுதல் குறைபாட்டுச் சான்று உள்ளவர்களுக்கு உண்டு. வருகைப்பதிவில் தளர்வு கேட்டு மனநோய் உள்ள மாணவர்கள் வரிசையாக வந்தால் கல்லூரிகள் ஒரு வழிமுறையை உண்டாக்கியே ஆகவேண்டும். அப்படி யாரும் வந்து நிற்பதில்லை என்பதால் எந்தக் கல்லூரியிலும் அதற்கான படிவம்கூட இல்லை.

சட்டத்தில் எழுதாமலே நம்மிடம் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. கேலிப் பொருளாகிவிட்ட அரியர் முறையைத்தான் சொல்கிறேன். கும்பகோணம் கல்லூரியில் 1904இல் சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்றவற்றில் தவறி உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் எஃப்.ஏ. தேர்வையும் தாண்ட முடியவில்லை. அவரைத் தடுத்தது, எல்லாப் பாடத்திலும் ஒரே மூச்சில் தேறினால்தான் உண்டு என்ற அன்றைய விதிதான். இன்று ஒரு பேப்பரை வைத்துவிட்டு இன்னொன்றை எழுதலாம். ஒரு பருவத்துக்கு இரண்டு பேப்பர், அடுத்த பருவத்துக்கு இரண்டு என்று கணக்குப் போட்டால், மேலைநாட்டில் குறைந்த பாடச்சுமை என்று தனியாக அனுமதி வாங்கிச் செய்வதை இங்கே யாரிடமும் கேட்காமலே செய்துவிடலாம். கால வரம்பு முடிந்துபோன பழைய அரியர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பும் தருகின்றன. அந்த அறிவிப்பு வந்த செய்தி, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு திண்ணையில் இருப்பவருக்குப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் குறை.

தொலைதூரக் கல்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ இரண்டுக்கும் வருகைப்பதிவுத் தொல்லை இல்லை. வயது வரம்புத் தொல்லை இல்லை. குடும்பங்கள் உடனே அதைத்தான் நினைக்கும்: “வீட்டிலேயே இருந்து படிக்கட்டும்.” எனக்கு அதில் தயக்கம் உண்டு. பல நாள் அறைக்குள்ளேயே முடங்கியவருக்குத் தேவை பட்டம் மட்டுமில்லை. காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போக ஒரு காரணம். அஞ்சலில் வந்த புத்தகக் கட்டு பிரிக்கப்படாமலே அலமாரிக்கு மேல் ஏறிவிடும். வாரத்துக்கு இரண்டு முறை யாராவது வந்து கூடவே உட்கார்ந்தால் தொலைதூரக் கல்வி நல்ல வழி. யாரும் வராவிட்டால் அது வீட்டுக்குள் இருப்பதற்கு இன்னொரு பெயர்.

ஆகவே முதல் படி கல்லூரியாக இருக்கத் தேவையில்லை. பாபநாசம், கும்பகோணம் போன்ற ஊர்களில் இன்னும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்கள் நடக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். பள்ளிப் பிள்ளையும் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற அக்காவும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். பக்கத்து ஆளிடம் பேசியாக வேண்டிய கட்டாயம் இல்லை. நாலு நாள் வராமல் ஐந்தாம் நாள் வந்தால் “என்ன தம்பி, ஆளைக் காணோம்” என்பதோடு சரி. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசுத் தேர்வு வரும். லோயர், ஹையர் என்று கையில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். விரலும் கண்ணும் கவனமும் ஒன்றாக வேலை செய்கிற பயிற்சி இது. மனநல மையங்களில் கணினியில் கொடுக்கும் கவனப் பயிற்சிக்கு இது பெரிதும் இளைத்ததில்லை என்பது என் எண்ணம். யாராவது ஆராய்ந்து பார்க்கலாம். இதற்கு அடுத்த படி கிளை நூலகம்: முதலில் இருபது நிமிடம் பேப்பர் படிக்க, பிறகு பாடப் புத்தகத்தோடு ஒரு மணி நேரம். பிறகுதான் நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு அரியர் பேப்பர்.

இதையெல்லாம் கூட இருந்து செய்ய யார்? மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். மாவட்டம் முழுமைக்கும் அவர்தான். வட்டத்துக்கு ஒருவர் வேண்டும். அவர் பெரிய படிப்பு படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பட்டம், பல்கலைக்கழக அலுவலகத்தில் எந்த ஜன்னலில் எந்தப் படிவம் என்ற அறிவு, பொறுமை, ஒரு டூவீலர் போதும். நோயைத் தாங்கிப் படித்து முடித்த ஒருவரே அந்த வேலைக்கு வந்தால் இன்னும் நல்லது. “எனக்கும் அந்த மாத்திரைதான், ராத்திரி சீக்கிரம் போட்டுடு” என்று அவர் சொன்னால் கேட்பார்கள். நாம் சொன்னால் கேட்க மாட்டார்கள். இப்படிப் பாபநாசம் வட்டத்தில் ஆண்டுக்குப் பத்துப் பேரைத் திருப்பி அனுப்பினாலும் அந்தச் சம்பளம் வீண் இல்லை.

பெண்கள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும், மனச்சிதைவால் திருமணம் முறிந்த பெண்களைப் பற்றி 2003இல் எழுதினார்கள். பெரும்பாலும் அவர்கள் பிறந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். வயதான பெற்றோர்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இப்படித் திரும்பி வந்த பெண், படிப்பைத் தொடரலாம் என்று நினைத்தால் முதல் தடை ஒரு பிளாஸ்டிக் உறை. மதிப்பெண் பட்டியல், டிசி எல்லாம் அந்த உறையில் புகுந்த வீட்டில் இருக்கும். கேட்டுப் போனால் பழைய சண்டை தொடங்கும். நகல் வாங்கலாம் என்றால் காவல் நிலையத்தில் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற சான்று, படித்த பள்ளி, அரசுத் தேர்வுத் துறை என்று அலைய வேண்டும். அண்ணன் ஒரு நாள் வருவான், இரண்டாம் நாள் அறுவடை என்பான். நல்ல மருத்துவரும் நல்ல சட்டமும் இருந்தும் ஒரு பெண்ணின் படிப்பு இந்த உறையோடு நின்றுவிடும். கூட வருகிற ஆள் என்று மேலே சொன்னவருக்கு வருகிற வேலையில் பாதி இதுதான்.

கடைசியாக, யாரிடம் சொல்வது என்ற கேள்வி. அடையாள அட்டை வாங்கினால் தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்று குடும்பம் பயப்படுகிறது. அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ள நான் தயாரில்லை. டெல்டாவில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மூன்று தலைமுறை விசாரிப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் விவரத்தை மருத்துவர்கள் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. கல்லூரி அலுவலகத்துக்கு அப்படியொரு கட்டுப்பாடு பழக்கத்தில் இல்லை. ஆகவே பயன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். 5 சதவீத இடமோ, அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோய் உள்ளிட்ட வகைகளுக்கான 1 சதவீதமோ வேண்டுமானால் அட்டை இல்லாமல் முடியாது. வேலை ஒதுக்கீட்டில் மனநோய்க்கு இடம் கிடைத்ததே 2016 சட்டத்தில்தான், அதை விட்டுவிடுவது நஷ்டம். ஆனால் பழைய அரியரை எழுதி முடிக்க வருகிறவருக்கு அட்டை வேண்டியதில்லை. துறைத்தலைவர் ஒருவரிடம் மட்டும், மருத்துவரின் கடிதத்தோடு, உடல்நலக் காரணம் என்று சொன்னால் போதும். அவர் கேட்டால் மேற்கொண்டு சொல்லலாம். வகுப்புத் தோழர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதைப் படிக்கிறவரே முடிவு செய்யட்டும். அம்மாவோ சமூகப் பணியாளரோ அவரைக் கேட்காமல் சொல்லிவிடக் கூடாது. அடுத்த சேர்க்கை ஜூனில். அதற்கு மூன்று மாதம் முன்பே, பங்குனியில், சான்றிதழ்களைத் தேடத் தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.